பாக்கியம் அக்காவின் பூவல்

போன ஆடி மாதம் ஒரு காலை தர்சினி தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் கதிரையில் இருக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர், சுருக்கமாக ரீ.ஓ., அவள். கெட்டிக்காரி. குளம் பார்க்கப் போனால் வானத்தில் ஒரு பொறியைப் பறக்கவிட்டுக் குளக்கரைக் கட்டு முழுவதையும் படம் பிடித்துக்கொண்டு மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை, கொஞ்சம் சந்தேகம். இரண்டையும் அவளிடம் சொல்லியிருக்கிறேன், அவள் சிரித்துவிட்டு விட்டுவிடுவாள்.

அன்று அவள் கேட்டது ஒரு பழைய பதிவேட்டைப் பற்றி. அதில் ஒரு சொந்தக் குளத்துக்கு நேரே என் கையெழுத்தில் ‘கைவிடப்பட்டது’ என்று ஒரு சொல் மட்டும் இருக்கிறதாம். காரணம் எழுதும் இடம் வெறுமையாம். மற்றக் குளங்களுக்கெல்லாம் எலிப் பொந்து, புற்று என்று பந்தி பந்தியாக எழுதித் தள்ளிய மிஸ் இதற்கு மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டா என்று அவளுக்கு ஆச்சரியம். குளத்தின் சொந்தக்காரியுடைய மகள் அதைத் திருப்பிக் கட்ட அனுமதி கேட்டு வந்திருக்கிறா, பழைய பிழை என்னவென்று தெரிந்தால்தான் கையெழுத்து வைக்கலாம் என்றாள்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். மறுநாள், பூவல் என்ற சின்ன ஊற்றுக்கிணறு இருந்த இடத்தை மட்டும் சொல்லி, அதற்கு நேரே கட்டின் அடியைத் தோண்டிப் பார் என்றேன். மிச்சத்தைச் சொல்லவில்லை. அந்தக் கட்டத்தை நான் வெறுமையாக விட்டது மறதியால் அல்ல. எழுத வந்தபோதெல்லாம் ஒரு முகம் வந்து முன்னால் நின்றது. இப்போது சம்பளமும் இல்லை, மேலதிகாரியும் இல்லை, எழுதலாம்.

நான் களுதாவளைப் பெண், நாவற்குடாவில் வாழ்க்கைப்பட்டவள். படிப்பும் பயிற்சியும் சேர்ந்து மூன்று வருடம். அதில் கற்றதை ஒரு பின்னேரத்தில் சொல்லி முடித்துவிடலாம். மிச்சத்தை யோகநாதன் சேருக்குப் பின்னால் நடந்து நடந்தே கற்றேன். அவர் எங்கள் பொறியியலாளர். மெலிந்த மனிதர், குரல் உயராது, கோபம் வந்தால் பென்சிலைச் சீவத் தொடங்குவார். அவருடைய மேசையில் பென்சில் தூள் குவிந்திருந்தால் அன்று யாரும் விடுமுறை கேட்டுப் போகமாட்டோம்.

குளம் பார்ப்பதற்கு அவருக்கென்று ஒரு முறை இருந்தது. மற்றவர்கள் கட்டின் மேலே ஏறிக் காற்று வாங்கியபடி ஒரு நடை நடந்துவிட்டு வருவார்கள். சேர் மேலே ஏறுவதே கடைசியில்தான். முதலில் சப்பாத்தைக் கழற்றி மோட்டார் சைக்கிளில் தொங்கவிடுவார். காற்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு கட்டின் வெளிப்புற அடிவாரத்தில் வெறுங்காலோடு ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை நடப்பார். எங்கே ஈரம் என்பது கண்ணுக்கு முன் காலுக்குத் தெரியும் என்பார். நானும் செருப்பைக் கழற்றினேன். முதல் வருடம் முழுக்க என் காலில் தொட்டாச்சிணுங்கி முள்தான். என் மாமியார் ஊசியால் முள் எடுத்துக்கொண்டே, இது அரசாங்க உத்தியோகமா, நாற்று நடுகிற வேலையா என்று கேட்பா.

அடிவாரம் முடிந்தால் சரிவு. அதில் மரம், புற்று, உடும்புப் பொந்து. பிறகு குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் வான். அதில் மண்மூட்டை அடுக்கியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இன்னும் ஒரு சாண் தண்ணீர் கூடத் தேக்கலாம் என்ற ஆசையில் வானை அடைப்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்கிற கள்ள வேலை. அதன் பிறகு வயலுக்குத் தண்ணீர் திறக்கும் துருசு. கடைசியாகக் கசிவு.

மண் கட்டென்றால் கசியும், கசியாத மண் கட்டு இல்லை. என்ன கசிகிறது என்பதுதான் கேள்வி. சேர் தன் பையில் ஒரு கண்ணாடிக் கிளாசைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருப்பார். கசிகிற தண்ணீரை அதில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்ப்பார். பிறகு ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு மற்ற வேலைகளைப் பார்ப்பார். அரை மணித்தியாலம் கழித்து வந்து அடியில் மண் படிந்திருக்கிறதா என்று பார்ப்பார். தெளிந்த தண்ணீர் வந்தால் குளம் வியர்க்கிறது, மண்ணோடு வந்தால் குளம் கரைகிறது. இவ்வளவுதான் அவருடைய முழு விஞ்ஞானமும்.

இன்னும் இரண்டு விதி வைத்திருந்தார். அறிக்கை எழுதி முடிக்கும்வரை குளத்துச் சொந்தக்காரர் வீட்டில் தேத்தண்ணியும் குடிக்கக்கூடாது. ஆபத்தென்று கண்டால் சொந்தக்காரருக்கு வாயால் சொல்லக்கூடாது, முதலில் கடுதாசிதான் போக வேண்டும். இரண்டாவது விதி அவருக்குப் பட்டறிவு. இளம் வயதில் ஒரு சொந்தக்காரரிடம் நல்ல மனதோடு நேரில் போய்ச் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் அழுது, கெஞ்சி, ஒரு கிழமை அவகாசம் கேட்டிருக்கிறார். சேரும் கொடுத்திருக்கிறார். அந்தக் கிழமைக்குள் கட்டு உடைந்துபோய்விட்டது. யார் செத்தார்கள், எத்தனை பேர் என்று அவர் சொன்னதே இல்லை. அந்தக் கதையை அந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் பென்சிலை எடுப்பார்.

இரண்டாவது விதியை நான் மீறவில்லை. முதலாவதைப் பன்னிரண்டு வருடம் மீறினேன். அது பாக்கியம் அக்கா வீட்டில்.

அவருடைய குளம் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் மோட்டார் சைக்கிளை ஏற்றி மண்டூரில் இறங்கி மேற்கே போக வேண்டும். அவருடைய தகப்பன் பெரிய போடியார், நிறைய வயல் வைத்திருந்தவர். தன் வயலுக்காகத் தன் காணிக்குள் தன் ஆட்களைக் கொண்டு கட்டிய குளம் அது. ஆள் உயரத்தில் இரண்டு மடங்குக்கு மண் கட்டு. அதற்குக் கீழே முப்பது ஏக்கர் அளவில் ஒரு வயல் வட்டை, பாதி வயல் அக்காவுடையது, மிச்சம் ஐந்து குடும்பங்களுடையது. கட்டுக்கு நேர் கீழே ஏழு வீடு. எங்கள் பக்கத்தில் வீடும் காணியும் பெண்பிள்ளைக்குத்தான் போகும் என்பதால் போடியார் குளத்தையும் மகளுக்குச் சீதனமாக எழுதிவிட்டார். நகையோடு வந்த பெண்களை எனக்குத் தெரியும், குளத்தோடு வந்தவர் அவர் ஒருவர்தான். புருசன் காலமான பிறகு வயலையும் குளத்தையும் தனியாகப் பார்த்து வந்தார்.

சொந்தக் குளம் என்றால் எங்கள் கை பாதி கட்டப்பட்டது. போய்ப் பார்க்கலாம், எச்சரிக்கலாம். ஆபத்தென்றால் கட்டை வெட்டித் தண்ணீரை விடலாம். ஆனால் திருத்திக் கொடுக்க அரசாங்கத்தில் ஒரு சதமும் ஒதுக்க வழியில்லை, அது சொந்தக்காரர் பாடு. நோயைச் சொல்லிவிட்டு மருந்தில்லாமல் எழும்பி வருகிற வைத்தியர் மாதிரித்தான் நாங்கள்.

அந்தக் கட்டின் அடிவாரத்தில், துருசில் இருந்து இருபது அடி தள்ளி, ஒரு பூவல் இருந்தது. இடுப்பளவு ஆழத்தில் மண்ணில் தோண்டிய சின்னக் கிணறு, ஒரு தேங்காய்ச் சிரட்டையால் அள்ளினால் குடம் நிறையும். அந்தப் பக்கத்துக் கிணறெல்லாம் வாவிச் சவர், வாயில் வைக்க ஏலாது. பூவல் தண்ணீர் மட்டும் இளநீர். ஏழு வீடும் அதைத்தான் குடித்தது. அதில் ஒரு வழக்கம் இருந்தது. விடிந்ததும் குளத்து வீட்டுப் பெண் வந்து பூவலின் அடியைச் சிரட்டையால் சுரண்டி இறைத்துவிட வேண்டும், புதுத் தண்ணீர் ஊறித் தெளிந்த பிறகுதான் மற்றவர்கள் குடத்தோடு வருவார்கள். குளம் யாருடையதோ அவர்கள் ஊருக்குச் செய்கிற மரியாதை அது. அக்காவின் தாய் செய்தா, பிறகு அக்கா செய்தார். காய்ச்சலோடும் போய் இறைத்துவிட்டு வந்து படுத்துக்கொள்வார் என்று அயலார் சொல்வார்கள்.

முதன்முதல் நான் சேரோடு அங்கே போனபோது அவர் பூவலில் கிளாசை அமிழ்த்தி எடுத்து வெயிலில் பிடித்தார். கண்ணாடி எது தண்ணீர் எது என்று தெரியவில்லை. அரை மணித்தியாலம் கழித்தும் அடியில் ஒரு துரும்பு இல்லை. அடியில் ஊற்றுக்கண் மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது, அது நல்ல ஊற்று என்று அக்கா பெருமையாகக் காட்டினார். ‘கசிவு உண்டு, தெளிவு’ என்று சேர் எழுதினார். பிறகு அந்தக் குளத்தை என் பொறுப்பில் விட்டுவிட்டார்.

அதன் பின் மாரி மழைக்கு முன் ஒரு தரம், மாரிக்குள் ஒரு தரம் நான் தனியாகப் போவேன். இடையில் சில வருடம் சண்டையால் படுவான்கரைக்குப் போக ஏலாத காலமும் இருந்தது, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. போனால் கிளாஸ், வெயில், அரை மணித்தியாலம், ‘தெளிவு’. மிச்ச நாள் முழுக்க அக்காவோடு. அவர் என்னை முதல் இரண்டு தரம் மிஸ் என்றார், மூன்றாம் தரம் புள்ள என்றார். “இஞ்ச வாகா புள்ள, கட்டு எங்கயும் ஓடாது, வந்து தின்” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். குளத்து விரால் மீன் ஆணமும் எருமைத் தயிரும் அவர் வீட்டில் தின்றதுபோல நான் எங்கும் தின்றதில்லை. சாப்பிட்ட பிறகு முற்றத்தில் பாயைப் போட்டுப் படுப்போம். அயல் முற்றங்களெல்லாம் கறுத்த களிமண், மழைக்குக் காலைப் பிடித்து இழுக்கும். அக்காவின் முற்றம் மட்டும் மஞ்சள் மணல், புட்டு மா போலப் பொலபொலவென்று கிடக்கும். இப்படி ஒரு முற்றம் எனக்கு வேண்டும் என்று நான் ஒவ்வொரு தரமும் சொல்லியிருக்கிறேன்.

 வீட்டில் நான் மருமகள், தாய், சமையல்காரி. கந்தோரில் ரீ.ஓ. மிஸ். வருடத்தில் அந்த இரண்டு நாள் மட்டும் ஒருவருக்கும் ஒன்றும் செய்யாமல் ஒரு பாயில் கிடந்து ஒரு மனிசியோடு சிரித்தேன். திரும்பிப் பாதையில் வரும்போது மடியில் ஒரு போத்தல் பூவல் தண்ணீர் இருக்கும். அடுத்த தரம் எப்போது என்று நடு வாவியிலேயே எண்ணத் தொடங்கிவிடுவேன்.

பன்னிரண்டாம் வருடம் கார்த்திகையில் போனேன். அந்த மாரி நன்றாகத் தொடங்கியிருந்தது, குளம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. அக்கா வீடு பூட்டியிருந்தது. மகளுக்குப் பிள்ளைப்பேறு, நாள் தள்ளிப்போனதால் டவுன் ஆஸ்பத்திரியில் அவளோடு மூன்று கிழமையாக நிற்கிறார் என்று அயல் வீட்டுப் பெண் சொன்னா. எனக்கு ஏமாற்றம். வேலையையாவது முடிப்போம் என்று செருப்பைக் கழற்றிவிட்டு அடிவாரத்தில் இறங்கினேன்.

பூவலைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் மஞ்சள் மணல் விளிம்புவரை நிறைந்து, வெளியே வழிந்து, விசிறிபோலப் பரவியிருந்தது. நடுவில் கலங்கிய தண்ணீர், அதன் நடுவில் மணல் கொதித்துக்கொண்டிருந்தது. சோற்றுப் பானையில் அரிசி எழும்பி விழுவதுபோல எழும்பி எழும்பி விழுந்தது. கிளாசை எடுக்கத் தேவையே இருக்கவில்லை.

ஏன் இப்படிக் கிடக்கிறது என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். இறைக்க ஆள் இல்லையே என்றா. அக்கா இருந்தால் ஒவ்வொரு நாளும் காலையில் மணலை அள்ளிப்போடுவா, அந்த வேலையை வேறு யாரும் தொடக்கூடாது, அதனால் மழைத் தண்ணீரைப் பிடித்துக் குடிக்கிறோம் என்றா. ஒரு நாளைக்கு எவ்வளவு மணல் என்று கேட்டேன். ஒரு சிரட்டை, இரண்டு சிரட்டை, மாரியில் அரைக் கடகம் வரும் என்றா. அள்ளிய மணல் எங்கே என்று கேட்டேன். அவ சிரித்துக்கொண்டு அக்காவின் முற்றத்தைக் காட்டினா.

நான் கட்டின் சரிவில் ஒரு முழம் தோண்டிப் பார்த்தேன். மேலே கறுத்த களி, அதற்கு உள்ளே அதே மஞ்சள் மணல். போடியார் வயிற்றுக்கு மணலை வைத்து மேலுக்குக் களியால் போர்த்தியிருக்கிறார். அந்த வயிறு ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு சிரட்டையாக வெளியே வந்திருக்கிறது. அக்கா சுத்தமாக இறைத்துத் தெளிய வைத்த தண்ணீரை நான் பத்து மணிக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்துத் ‘தெளிவு’ என்று எழுதியிருக்கிறேன். பன்னிரண்டு வருடம். அந்தக் கட்டின் மணல் மேலேயே பாய் போட்டுப் படுத்து அதைப் புகழ்ந்தும் இருக்கிறேன். கட்டடியில் குந்தியிருந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு எழும்பித் துருசை முழுக்கத் திறந்துவிட்டு, ஏழு வீட்டுக்கும் நானே போய், பிள்ளைகளோடு இன்றைக்கே பள்ளிக்கூடத்தில் போய்த் தங்குங்கள் என்று சொன்னேன்.

நான் சொல்லி அனுப்ப, சேர் மறுநாள் முதல் பாதை மிதவையில் வந்தார். ஓய்வுக்கு அவருக்கு ஒரு வருடம் இருந்தது. சப்பாத்தைக் கழற்றினார், நடந்தார், கொதிக்கிற மணலின் முன் வந்து நின்றார்.  பிறகு, “முதல் தரம் பார்த்தது நான்தான். விடிய வந்து பார்த்திருக்க வேணும்,” என்றார். பிழையை என் தலையில் கட்டவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. துருசால் மட்டும் தண்ணீர் இறங்கப் பத்து நாள் செல்லும், அடுத்த மழை அதற்கு முன் வந்தால் கட்டு நிற்காது, வெட்டத்தான் வேண்டும் என்றார். பூவல் பக்கம் மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் ஏறினால் கட்டே இறங்கிவிடும், எதிர் முனையில் வான் அருகே வெட்டினால் தண்ணீர் வீடுகளைத் தொடாமல் வாவிக்குப் போகும் என்றும் சொன்னார். அதனால் உள்ளே என்ன இருந்தது என்று அன்று யாரும் பார்க்கவில்லை.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய் அக்காவிடம் சொல்லிவிட்டு வருகிறேன் சேர் என்றேன். எங்கள் கந்தோரில் இருந்து அது ஐந்து நிமிட நடை.

“போனால் அவ ரெண்டு நாள் கேட்பா. ஏலாது எண்டு உம்மால சொல்ல முடியுமா?”

நான் யோசித்தேன். முடியாது என்றேன்.

“அப்ப போகவேண்டாம்,” என்றார். பையில் இருந்து பென்சிலை எடுத்துச் சீவத் தொடங்கினார்.

அறிவித்தலை நான்தான் எழுதினேன், பார்வையிட்ட உத்தியோகத்தர் எழுத வேண்டும் என்பது முறை. குளத்தின் உரிமையாளராகிய உமக்கு இத்தால் அறியத் தருவது என்று தொடங்கும் அந்தப் படிவம். வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டவரை உமக்கு என்று எழுதி, அவருடைய முழுப் பெயரையும் தகப்பன் பெயரையும் பிழையில்லாமல் எழுதி, கீழே கையெழுத்து வைத்தேன். பியோன் அதைக் கொண்டுபோய் வார்ட் வாசலில் கொடுத்துவிட்டு வந்தார். பிறந்து இரண்டு நாளான பேத்தியை அக்கா தோளில் வைத்துக்கொண்டு ஒரு கையால் வாங்கினாவாம்.

அடுத்த நாள் காலை பெக்கோ கட்டில் ஏறியபோது அக்கா வந்து சேர்ந்தார். கையில் ஒரு பை, ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை கசங்கிய சேலை. சத்தம் போடுவார் என்று கிராமசேவகர் பயந்து எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவர் சத்தம் போடவில்லை. நேரே என்னிடம் வந்தார்.

“கடுதாசி எழுதினது நீதானே?”

“ஓம் அக்கா.”

தலையை ஆட்டினார். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தண்ணீர் வெட்டுவாயால் பாய்ந்த இரண்டு நாளும் அந்தக் கதவு திறக்கவில்லை. நானும் தட்டவில்லை.

அதற்குப் பிறகு மழை வரவில்லை. மார்கழியில் தூறல், தையில் வெயில். அப்படி ஏமாற்றிய மாரியை எங்கள் பக்கத்தில் யாரும் எதிர்பார்க்கவில்லை. விதைத்த பயிர் இடுப்பளவில் நின்று கருகியது. குளத்தில் அந்தத் தண்ணீர் இருந்திருந்தால் தப்பியிருக்கும். ரீ.ஓ. மிஸ் கட்டோடு சேர்த்து மழையையும் வெட்டிவிட்டா என்று பாதையில் வைத்து என் காதுபடவே சிரித்தார்கள். சிரித்தவர்களை நான் பிழை சொல்லமாட்டேன், அவர்களுடைய வயல் அது. கட்டு உடைந்திருந்தால் ஏழு வீட்டையும் காட்டியிருக்கலாம். உடையாத கட்டை வெட்டிவிட்டு நான் எதைக் காட்டுவது? சில நாட்களில் எனக்கே சந்தேகம் வரும். அந்த மழைக்கு அது தாங்கியிருக்குமோ என்று சேரிடம் ஒரு தரம் கேட்டேன். தெரியாது என்றார். தெரியாமலே அவர் ஓய்வு பெற்றார், சில வருடத்தில் தெரியாமலே காலமானார்.

அக்காவிடம் நான் போகவில்லை. முதல் வருடம் பயத்தில் போகவில்லை. இரண்டாம் வருடம் வெட்கம். மூன்றாம் வருடம், இவ்வளவு நாள் போகாதவள் இப்போது எந்த முகத்தோடு போவது என்று நினைத்தேன். அந்த வட்டைக்குப் பக்கத்துக் குளத்துக்கு வேலையாகப் போனாலும் சுற்று வழியால் போய் வந்தேன். பதினைந்து வருடத்துக்கு மேல் அப்படிப் போயிற்று. குளம் போன கோபம் அவருக்கு என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். குளத்தைத் திருப்பிக் கொடுக்க என்னால் ஆகாது, ஆனபடியால் போய்ப் பயனில்லை என்று ஒரு கணக்கு. ஆனாலும் மாரிக்கு முன்னான அந்த நாட்கள் வந்தால் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. யாராவது என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சோறு போடமாட்டார்களா என்று இருக்கும். மகள்மார் போடும் சோற்றுக்கு அந்தப் பசி ஆறாது, அவர்களிடம் சொன்னதும் இல்லை.

தர்சினி இரண்டாம் தரம் அழைத்தது போன கிழமை. நான் சொன்ன இடத்தில் பெக்கோ விட்டுத் தோண்டியிருக்கிறாள். படம் அனுப்பியிருக்கிறேன், முதலில் பாருங்கள் மிஸ் என்றாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கட்டின் வயிற்றுக்குள் ஒரு குகை. கூரை கறுத்த களி, சுருண்டு கல்லாக இறுகியிருந்தது. அடியில் மஞ்சள் மணல். அவள் அளவுகோலை உள்ளே நட்டு வைத்திருந்தாள், வளர்ந்த ஆள் குந்தியிருக்கலாம். களி ஒரு முழத் தடிப்புக்கு மட்டும் மிச்சம் இருந்திருக்கிறது, ஒரு நல்ல மழை போதும் மிஸ், ஏழு வீடும் போயிருக்கும், நீங்கள் செய்தது நூற்றுக்கு நூறு சரி என்றாள்.

இந்தப் படத்துக்காகத்தான் நான் பதினைந்து வருடம் காத்திருந்தேன் என்று நினைத்திருந்தேன். கண்டபோது சந்தோசம் வரவில்லை. சரி என்று சொல்ல வேண்டிய ஆள் தர்சினி அல்ல.

அங்கே யார் நிற்கிறார்கள் என்று கேட்டேன். மகள் நிற்கிறா, மருமகன் நிற்கிறார், வயதான அம்மாவும் காலையில் இருந்து கட்டடியில் கதிரை போட்டு இருக்கிறா என்றாள். தொலைபேசியை அந்த அம்மாவிடம் கொடு என்றேன். 

காற்றுச் சத்தம் கேட்டது. பிறகு அவருடைய மூச்சு.

“அக்கா, நான்தான்.”

“தெரியும். அந்தப் புள்ள சொன்னது.” குரல் மெலிந்திருந்தது, ஆனால் அதே குரல். “பொந்துக்க எட்டிப் பார்த்தன்கா. பெரிசு.”

 அவரே தொடர்ந்தார்.

“இவ்வளவு காலமும் நான் குளத்துக்குக் கோவிச்சன் எண்டுதானே நினைச்சுக்கொண்டிருந்த நீ?”

“ஓம் அக்கா.”

“குளம் போனா போகுது. ஏழு வீட்டுக்கும் நீயே நடந்து போய்ச் சொன்னியாம். எனக்கு மட்டும் பியோனுக்கிட்டக் குடுத்து விட்டாய். ஆஸ்பத்திரிக்கும் உன்ர கந்தோருக்கும் எவ்வளவு தூரம்?”

தூரத்தை அவரும் அறிவார், நானும் அறிவேன். பதில் அதுவல்ல என்பதால் உண்மையைச் சொன்னேன். “நீங்க ரெண்டு நாள் கேட்பீங்க எண்டு பயந்தன் அக்கா.”

 இயந்திரத்தின் உறுமல் தூரத்தில் கேட்டது. 

“கேட்டிருப்பன்தான்,” என்றார். “நீ ஏலாது எண்டிருப்பாய். எண்டுபோட்டு என்ர பக்கத்தில இருந்திருப்பாய்தானே?”

“ஓம் அக்கா,” என்றேன். “இருந்திருப்பன்.”